சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ் (1989): கண்ணை மூடிக்கொண்டு கேட்ட துப்பறியும் நாடகம்

#1 – ஊசிமுனை

வணக்கம் நண்பர்களே. மேடை இசை நாடகங்களின் பாடல் ஆல்பங்களைப் பற்றி இந்தப் பகுதியில் நிறையப் பேசியிருக்கிறோம். என் மனதுக்கு மிக நெருக்கமான ஒன்று மட்டும் இதுவரை வரவே இல்லை. அதனால் நானே தொடங்கிவிடுகிறேன்.

‘சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ்’ நாடகம் 1989 டிசம்பர் 11 அன்று நியூயார்க் பிராட்வேயில் வர்ஜீனியா தியேட்டரில் தொடங்கி 879 காட்சிகள் ஓடியது. இசை சை கோல்மன், பாடல்கள் டேவிட் ஸிப்பல், கதை வசனம் லாரி கெல்பார்ட், இயக்கம் மைக்கேல் பிளேக்மோர். அமெரிக்க மேடை நாடகங்களுக்கான 1990 டோனி விருதுகளில் சிறந்த இசை நாடகம் உட்பட ஆறு விருதுகள் வாங்கியது. அதே ஆண்டு கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட ஆல்பத்தைத்தான் பல வருடங்களாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நாடகத்தை மேடையில் பார்த்ததில்லை. எனக்கு அது முழுக்க முழுக்கக் காதால் தெரிந்த உலகம்.

கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நாற்பதுகளின் கடைசி, ஹாலிவுட். ஸ்டைன் என்ற நாவலாசிரியர் தன் துப்பறியும் நாவலைத் தானே திரைக்கதையாக எழுத வந்திருக்கிறார். படத்தைத் தயாரித்து இயக்கப்போகும் பட்டி ஃபிட்லர் ஒவ்வொரு பக்கத்திலும் கை வைக்கிறார். ஸ்டைன் எழுத எழுத, அந்த நாவலின் துப்பறிவாளர் ஸ்டோன் நம் கண்முன்னே வேலையில் இறங்குகிறார். அலோரா கிங்ஸ்லி என்ற பணக்காரி, தன் கணவரின் காணாமல் போன மகளைத் தேடித் தரச் சொல்லி வருகிறாள். அதிலிருந்து கொலை, பொய்வழக்கு எல்லாம். ஆக, மேடையில் இரண்டு உலகம்: எழுத்தாளரின் நிஜ வாழ்க்கை வண்ணத்தில், அவர் எழுதும் படம் கறுப்பு வெள்ளையில். ஸ்டைன் ஒரு காட்சியை அடித்துவிட்டுத் திரும்ப எழுதும்போது நடிகர்கள் படச்சுருள் பின்னோக்கி ஓடுவது போலப் பேசிய வசனத்தைப் பின்னோக்கிப் பேசி, வந்த வழியே பின்னால் நடந்து போவார்களாம். அந்த அரங்க அமைப்புக்காக ராபின் வாக்னருக்கும் டோனி கிடைத்தது.

ஆல்பத்தில் இந்தக் காட்சி வித்தை எதுவுமே கிடையாது. கறுப்பு வெள்ளையும் இல்லை, வண்ணமும் இல்லை. ஆனாலும் அதனால்தான் இந்த ஆல்பம் எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது. காரணம் சொல்கிறேன்.

இந்த நாடகத்தில் ஸ்டைன், ஸ்டோன் இருவரையும் தவிர முக்கியமான எல்லோரும் இரட்டை வேடம். ஸ்டோனின் காரியதரிசி ஊலியாக வரும் ராண்டி கிராஃப்தான், நிஜ உலகத்தில் பட்டியின் காரியதரிசி டானா. ஸ்டைனின் மனைவி காபியாக வரும் கே மெக்லெலண்ட்தான், ஸ்டோன் இழந்துவிட்ட காதலி, இரவு விடுதிப் பாடகி பாபி. மேடையில் பார்ப்பவர்களுக்கு உடையும் ஒளியும் மாறியதும் அவர் வேறொரு ஆளாகத் தெரிவார். காதால் கேட்பவனுக்கு அந்த மறைப்பு கிடையாது. குரல் ஒன்றுதான். ஓர் எழுத்தாளர் தன் வீட்டிலும் வேலையிடத்திலும் பார்த்த மனிதர்களைத்தான் கதைக்குள் வேறு பெயரில் நடமாட விட்டிருக்கிறார் என்பது, ஹெட்போனில் முதல் தடவை கேட்கும்போதே சட்டென்று பிடிபட்டுவிடுகிறது.

அதற்கு உச்சம் ‘யூ கேன் ஆல்வேஸ் கவுண்ட் ஆன் மீ’. ராண்டி கிராஃப் முதலில் ஊலியாகத் தொடங்குகிறார். எப்போதும் பொருந்தாத ஆணிடமே போய்ச் சேரும் தன் ராசியை, அலுவலகத்தில் கடைசி ஆளாக விளக்கை அணைக்கும் பெண்ணின் களைப்போடு பாடுகிறார். பாட்டின் நடுவில் அவர் டானாவாகிவிடுகிறார். மெட்டு அதேதான், குறையும் அதேதான், உலகம் மட்டும் மாறிவிட்டது. கதைக்குள் இருக்கும் காரியதரிசிக்கும் கதைக்கு வெளியே இருக்கும் காரியதரிசிக்கும் ஒரே தலையெழுத்து. அந்த மாற்றம் வரும் இடத்தில் அவர் குரலில் பெரிய வித்தியாசம் எதையும் காட்டுவதில்லை. லேசாக ஒரு பளபளப்பு ஏறுகிறது, அவ்வளவுதான். இந்தப் பாத்திரங்களுக்காக அவருக்கு டோனி கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை.

கேட்டவர்கள் சொல்லுங்கள். கேட்காதவர்கள் கேட்டுவிட்டு வந்து சொல்லுங்கள்.

#2 – மூன்றாம்வரிசை

அண்ணா, ஆசையாகத் தேடினேன். கிட்டார் பாட்டுகளாக வருகிறது. சாக்ஸபோன் சத்தமே காணோம். தவறான ஆல்பமா?

#3 – ஊசிமுனை

ஆமாம் தம்பி, 1998-இல் இதே பெயரில் ஒரு ஹாலிவுட் படம் வந்தது. அதற்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. பெயரோடு ‘ஒரிஜினல் பிராட்வே காஸ்ட்’ என்று சேர்த்துத் தேடுங்கள். தொடங்கியதும் சொல்லே இல்லாமல் நான்கு குரல்கள் சேர்ந்து வெறும் அசைகளால் ‘ஸ்காட்’ என்ற ஜாஸ் பாணியில் பாடினால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

#4 – கீழ்ஸ்தாயி

ஊசிமுனை, இந்த இழைக்கு மிக்க நன்றி. எத்தனை நாளாக யாராவது எழுத மாட்டார்களா என்று இருந்தேன். நான் இசைப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

பிராட்வேயில் ‘ஜாஸ் நாடகம்’ என்று விளம்பரம் செய்வதில் பாதி, வழக்கமான பாட்டின் மேல் ஒரு ட்ரம்பெட்டைத் தூவி விடுவதுதான். கோல்மன் அப்படிப்பட்டவர் இல்லை. 1929-இல் பிராங்ஸில் பிறந்தவர். ஒன்பது வயது ஆவதற்குள் கார்னகி ஹால் வரை பியானோ வாசித்துவிட்ட குழந்தை மேதை. பிறகு செவ்வியல் இசையை விட்டு விலகி, சொந்தமாக ஒரு ஜாஸ் ட்ரயோ (மூவர் குழு) வைத்துக்கொண்டு இரவு விடுதிகளில் வாசித்தவர். ‘விட்ச்கிராஃப்ட்’, ‘தி பெஸ்ட் இஸ் யெட் டு கம்’ எல்லாம் அவருடைய மெட்டுகள். அதாவது பாபி பாடும் அந்த இரவு விடுதி அவர் உட்கார்ந்து வாசித்த இடம். வாத்திய அமைப்பு பில்லி பையர்ஸ். அவரே ட்ராம்போன் கலைஞர், ஜாஸ் இசைக்குழுத் தலைவர் கவுண்ட் பேஸிக்கு இசை ஏற்பாடு செய்துகொடுத்தவர். அதனால்தான் இந்த ஆல்பத்தில் பித்தளை வாத்தியங்கள் பாடகனுக்குப் பின்னால் அடக்கமாக நிற்பதில்லை. குறுக்கே பேசுகின்றன, கேலி செய்கின்றன, சில இடங்களில் பாடகனை முந்திக்கொண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகின்றன.

அந்த நான்கு குரல்கள், ‘ஏஞ்சல் சிட்டி ஃபோர்’. வேறு நாடகமாக இருந்தால் ஊர் மக்கள், போலீஸ்காரர்கள், விருந்தினர்கள் என்று பெரிய கோரஸ் கூட்டம் இருக்கும். இங்கே அதற்குப் பதிலாக, நாற்பதுகளின் வானொலியில் கேட்ட மாதிரி நெருக்கமான ஒத்திசையில் பாடும் இந்த நால்வர். குரல் ஏற்பாட்டில் கோல்மனோடு சேர்ந்து உழைத்தவர் யாரோன் கெர்ஷோவ்ஸ்கி, ‘மன்ஹாட்டன் டிரான்ஸ்ஃபர்’ என்ற பாடகர் குழுவின் இசை இயக்குநர். முன்னிசையில் அவர்கள் ஜதி சொல்வது போல அசைகளாலேயே ஓடுகிறார்கள். நான்கு பேரும் ஒரே மூச்சில் ஒரு சுரத்தைக் கடித்து விடும் இடங்களைக் கவனியுங்கள். ஒருவர் ஒரு நூலிழை பிந்தினாலும் எல்லாம் குலைந்துவிடும்.

அப்புறம் ‘வித் எவ்ரி பிரெத் ஐ டேக்’. பாபியின் பாட்டு. இதை நான் கீபோர்டில் வாசித்துப் பழக முயன்றேன். மெட்டு அடுத்து எங்கே போகும் என்று விரல் ஊகித்து நகர்ந்தால், அது அரைச்சுரம் தள்ளிப் போய் உட்கார்ந்திருக்கும். அந்தப் புது இடத்தைக் காது ஏற்றுக்கொள்வதற்குள் அடியில் ஒலிக்கும் சுரக்கூட்டு (கார்டு) மாறிவிடும். இவ்வளவு நழுவலான பாட்டு காதில் விழும்போது மட்டும் பழகிய பாட்டு போலவே இருக்கிறது. அதுதான் கோல்மனின் கைவண்ணம். ஏமாந்த காதலைப் பற்றிய பாட்டுக்குக் கால் ஊன்ற இடமே இல்லாத மெட்டு! ஜாஸ் பாடகர்கள் பலர் இதை நாடகத்திலிருந்து தனியாக எடுத்துப் பாடிவருகிறார்கள். ஆனால் கே மெக்லெலண்டின் பதிவில் உள்ள நிதானம் எனக்கு வேறெங்கும் கிடைக்கவில்லை. ஒரு சொல்லைக்கூட அழுத்திக் கெஞ்சுவதில்லை.

#5 – சாளரம்

இழையைப் படித்துவிட்டு நேற்று இரவு முழுதாகக் கேட்டேன். இசை பற்றி நீங்கள் இருவரும் சொன்ன எதையும் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பெண்ணாகக் கேட்கும்போது எனக்கு ஒரு நெருடல் இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும்.

இதில் வரும் பெண்கள் யார் யார்? மயக்கும் பணக்காரி, துப்பறிவாளனின் கட்டிலில் போர்வைக்குள் கிடக்கும் இளம்பெண், காத்திருந்து ஏமாறும் காரியதரிசி, இழந்த காதலி, ஏமாற்றப்படும் மனைவி. ஐந்து பேருமே ஓர் ஆணைச் சுற்றித்தான் நிற்கிறார்கள். ‘தி டென்னிஸ் சாங்’ முழுக்க இரட்டை அர்த்தம். ஆட்டத்தின் சொற்களை வைத்துக்கொண்டு அலோராவாக வரும் டீ ஹோட்டியும் ஸ்டோனாக வரும் ஜேம்ஸ் நாட்டனும் ஒருவரையொருவர் அளந்து பார்க்கிறார்கள். சாமர்த்தியமான பாட்டுதான். ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது சலிப்பு வந்துவிட்டது. எல்லா வரியும் ஒரே திசையில் கண்ணடித்துக்கொண்டே இருக்கிறது.

//அலுவலகத்தில் கடைசி ஆளாக விளக்கை அணைக்கும் பெண்ணின் களைப்போடு//

அழகாகச் சொன்னீர்கள். ஆனால் அந்தக் களைப்பைப் பார்த்து அரங்கம் சிரிக்கத்தானே அந்தப் பாட்டு எழுதப்பட்டிருக்கிறது? திருமணமானவர்களையே நம்பி மோசம் போகும் பெண்ணை வைத்து நகைச்சுவை. அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை.

#6 – ஊசிமுனை

சாளரம் அக்கா, நியாயமான கேள்வி. நானும் இதை நிறைய யோசித்திருக்கிறேன். டென்னிஸ் பாட்டு விஷயத்தில் உங்கள் பக்கம்தான். அதை நான் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவேன்.

அந்தப் பெண்களில் மனைவியைத் தவிர எல்லோரும் ஸ்டைன் எழுதியவர்கள், அதாவது பழைய துப்பறியும் கதைகளின் அச்சில் ஓர் ஆண் வார்த்தவர்கள். நாடகத்துக்கு அது தெரிந்திருக்கிறது என்று நான் நம்புவதற்கு ஆதாரம் ‘வாட் யூ டோன்ட் நோ அபவுட் விமன்’. ஊலி கறுப்பு வெள்ளை உலகத்தில் நின்று ஸ்டோனைத் திட்டுகிறாள். அதே நேரத்தில் காபி நிஜ உலகத்தில் நின்று ஸ்டைனைத் திட்டுகிறாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, பார்க்கவும் முடியாது. ஆனால் ஒரே தாளத்தில், ஒருவர் விட்ட இடத்தில் இன்னொருவர் பிடித்து, கடைசியில் சேர்ந்தே பாடுகிறார்கள். கற்பனைப் பெண்ணும் உண்மைப் பெண்ணும் சேர்ந்து, ‘எங்களைப் பற்றி உனக்கு ஒன்றும் தெரியாது’ என்று தங்களை எழுதியவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறார்கள். நாடகத்தின் தொடக்கத்திலேயே இது வந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நான் கேட்கும் எல்லாப் பெண் பாட்டிலும் இந்தத் திட்டு பின்னணியில் ஓடிக்கொண்டே இருக்கிறது.

ஊலியின் பாட்டைப் பொறுத்தவரை, அரங்கம் சிரித்திருக்கலாம். வீட்டில் தனியாகக் கேட்கும்போது சிரிப்புச் சத்தம் இல்லை. நகைச்சுவை வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் ராண்டி கிராஃப் எடுக்கும் மூச்சு மட்டும் கேட்கிறது. அந்த மூச்சு சிரிக்கவில்லை. எனக்கு அப்படித்தான் படுகிறது. உங்களுக்கு வேறாகப் பட்டால் அதுவும் சரியே.

#7 – கைப்பிரதி

இந்தத் தளத்தில் நான் அதிகம் எழுதுவதில்லை. இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சில வருடங்களுக்கு முன் ஒரு தொலைக்காட்சித் தொடருக்கு வசனம் எழுதினேன். பெயரெல்லாம் வேண்டாம். காலையில் நான் கொடுத்த காட்சி மாலைக்குள் வேறொன்றாக மாறியிருக்கும். ஒரு அம்மா தன் மகனிடம் மூன்றே மூன்று சொல் பேசிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொள்வதாக எழுதியிருந்தேன். ஒளிபரப்பில் அந்த அம்மா இரண்டு நிமிடம் அழுதார். அப்புறம் ஒருநாள் டைட்டிலில் என் பெயருக்கு மேலே இன்னொரு பெயர் வந்து உட்கார்ந்தது. நான் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு நண்பர் இந்த ஆல்பத்தைக் கொடுத்தார். ‘தி பட்டி சிஸ்டம்’ என்று பட்டி ஃபிட்லர் ஸ்டைனுக்குப் பாடம் எடுக்கும் பாட்டு. பாடியவர் ரெனே ஓபர்ஜோன்வா. அறிவியல் தொடர் பார்த்தவர்களுக்கு அவரை ‘டீப் ஸ்பேஸ் நைன்’ ஓடோவாகத் தெரிந்திருக்கும். அந்தப் பாட்டில் அவர் கத்துவதே இல்லை. அவ்வளவு அன்பாக, தோளில் கை போட்டுக்கொண்டு, உன் நல்லதுக்குத்தான் என்கிற குரலில் பாடுகிறார். பயமே அங்கேதான் இருக்கிறது. எழுத்தை வெட்டுபவர்கள் யாரும் கோபமாக வெட்டுவதில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வெட்டுவார்கள். கெல்பார்ட் தொலைக்காட்சியிலும் சினிமாவிலும் பல காலம் எழுதியவர், ‘மேஷ்’ தொடரை உருவாக்கியவர். அந்தத் தேநீரின் சுவை தெரியாமல் இப்படி ஒரு பாத்திரத்தை எழுத முடியாது என்று எனக்குத் தோன்றும்.

கடைசியில் ஸ்டைன் படப்பிடிப்புத் தளத்துக்கு வந்து பார்த்தால், திரைக்கதையில் பட்டியின் பெயரும் சேர்ந்திருக்கும். ஸ்டோனாக நடிக்க ஒரு மென்குரல் பாடகனைப் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். ஆல்பத்தோடு வந்த சிறு புத்தகத்தில் இந்தக் கதைச் சுருக்கத்தைப் படித்த இரவு நான் வெகுநேரம் தூங்கவில்லை.

முதல் பாதி முடிவில் வரும் ‘யூ ஆர் நத்திங் விதவுட் மீ’ பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே. எழுதியவனும் எழுதப்பட்டவனும் நேருக்கு நேர் நின்று, நான் இல்லாவிட்டால் நீ ஒன்றுமே இல்லை என்று மாறி மாறிப் பாடும் சண்டை. ஜேம்ஸ் நாட்டனின் குரல் கீழே நிலத்தில் கால் பதித்து நிற்கிறது. ஸ்டைனாக வரும் கிரெக் எடல்மனின் குரல் மேலே மேலே ஏறிக்கொண்டே போகிறது. முடிவில் இருவரும் சேர்ந்து பிடிக்கும் அந்த நீண்ட சுரத்தின் கீழே மொத்த வாத்தியமும் வெடிக்கும்போது, எனக்கு இன்றும் கை ரோமம் சிலிர்க்கிறது. கடைசிப் பாட்டில் அதே மெட்டுக்கு ‘நீ இல்லாவிட்டால் நான் ஒன்றுமே இல்லை’ என்று சொற்களைத் திருப்பிப் போட்டிருக்கிறார் ஸிப்பல். பிராட்வேயில் அது அவருடைய முதல் நாடகம்!

#8 – கீழ்ஸ்தாயி

கைப்பிரதி, உங்கள் பதிவை இரண்டு முறை படித்தேன். நீங்கள் திரும்ப எழுதத் தொடங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நானும் ஒரு குறையைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டைன் கடைசியில் தனியாகப் பாடும் ‘ஃபன்னி’ எனக்கு ஒட்டவில்லை. அதுவரை ஸ்விங்கும் புளூஸுமாக வந்த ஆல்பம், திடீரென்று நேரான பிராட்வே உச்சக்குரல் பாட்டாகிவிடுகிறது. எடல்மன் குறை வைக்கவில்லை, பிரமாதமாகப் பாடுகிறார். ஆனால் இந்த ஜன்னல் வேறொரு வீட்டுக்குச் செய்தது போல இருக்கிறது.

இதற்கு நேர்மாறாக ‘ஆல் யா ஹேவ் டு டூ இஸ் வெய்ட்’. ஸ்டோன் மேல் பழைய பகை வைத்திருக்கும் போலீஸ் அதிகாரி முன்யோஸ், அவன் சிக்கிக்கொண்டதைக் கொண்டாடும் பாட்டு. ஷான் எலியட் அந்த லத்தீன் தாளத்தின் மேல் குதித்துக் குதித்துப் போகிறார். ஒரு மனிதன் மரண தண்டனைக்குப் போவதை எண்ணி இவ்வளவு குஷியா என்று கேட்கும்போதே உடம்பு கூசுகிறது. அதையும் மீறிக் கால் தாளம் போடுகிறது.

#9 – மழைக்காகிதம்

லண்டன் பதிப்புக்கும் ஆல்பம் உண்டு, யாரும் சொல்லவில்லை என்பதால் சொல்கிறேன். 1993-இல் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் தியேட்டரில் நடந்தது. அதே ஆண்டிலேயே முடிந்தும்விட்டது. ஆனாலும் 1994-இல் சிறந்த புதிய இசை நாடகத்துக்கான லண்டன் மேடையின் ஒலிவியர் விருது வாங்கியது. அங்கே ஸ்டோன் ரோஜர் ஆலம், ஊலியும் டானாவும் ஹெய்டன் க்வின். ரோஜர் ஆலமின் குரலில் ஒரு கசப்பு இருக்கிறது. நாட்டனுடைய ஸ்டோன் மழைக்கோட்டின் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு நடப்பவர் என்றால், ஆலமுடைய ஸ்டோன் அந்தக் கோட்டோடேயே தூங்கி எழுந்தவர். இரண்டையும் கேளுங்கள். வாத்தியத்தின் துள்ளலுக்கு மட்டும் நியூயார்க் பதிவுதான் என் தேர்வு.

லண்டனில் டான்மார் வேர்ஹவுஸ் என்ற சிறிய நாடக அரங்கம் 2014-இல் திரும்ப மேடையேற்றியது. அந்தத் தயாரிப்பு பெரிய அரங்குக்கு மாறி 2020 மார்ச்சில் முன்னோட்டக் காட்சிகள் தொடங்கிய சில நாட்களிலேயே கொரோனாவால் அரங்குகள் மூடப்பட்டன. டிக்கெட் வாங்கி வைத்திருந்தேன். நினைத்தால் இன்னும் வலிக்கிறது.

#10 – மூன்றாம்வரிசை

சரியான ஆல்பம் கிடைத்துவிட்டது அண்ணா. இந்த வாரம் வேலைக்குப் போகும் ரயிலில் தினமும் கேட்டேன். ஸ்காட் தொடங்கியதுமே தெரிந்துவிட்டது, இதுதான் என்று.

எனக்கு ஆச்சரியமாக இருப்பது, ‘இட் நீட்ஸ் வொர்க்’ பற்றி ஒருவர்கூட எழுதவில்லை. டானாவோடு ஸ்டைனுக்கு உள்ள தொடர்பு மனைவி காபிக்குத் தெரிந்துவிடுகிறது. அவர் ஏதோ ஒரு சாக்கு சொல்கிறார். காபியின் வேலை புத்தகம் எடிட் செய்வது. அதனால் அவள் அழவில்லை, கத்தவில்லை. கணவன் சொன்ன பொய்யை ஒரு கைப்பிரதியாக எடுத்துக்கொண்டு, இங்கே கதை நம்பும்படி இல்லை, இந்தப் பாத்திரம் சரியாக வரவில்லை, இன்னும் உழைக்க வேண்டும் என்கிற மாதிரி திருத்தம் சொல்லிக்கொண்டே போகிறாள். சாளரம் அக்கா, உங்கள் கேள்விக்கு இந்தப் பாட்டு கொஞ்சம் பதில் சொல்கிறது என்று நினைக்கிறேன். எல்லோரும் ஸ்டைனின் கதையைத் திருத்துகிறார்கள். பட்டி திருத்தியதெல்லாம் கெட்டுப்போனது. காபி ஒருத்திதான் சரியான இடத்தில் கோடு போடுகிறாள்.

ஊசிமுனை அண்ணா முதல் பதிவில் குரல் பற்றிச் சொன்னது நேற்றுத்தான் எனக்கு உறைத்தது. தாம்பரம் தாண்டியபோது ‘வித் எவ்ரி பிரெத் ஐ டேக்’ முடிந்திருந்தது. இறங்கும் இடம் வருவதற்குள் நேரே ‘இட் நீட்ஸ் வொர்க்’ பாட்டுக்குத் தாவினேன். அதே தொண்டை. விடுதியில் நின்று மூச்சுக்கு மூச்சு உன்னை நினைக்கிறேன் என்று உருகியவள், ஸ்டைன் தன் மனைவியை வைத்து எழுதிக்கொண்டவள். இவள் அந்த மனைவி. உருகவில்லை. நிறுத்தி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டுகிறாள்.